வலசை போகாதவர்

வெளிநாட்டு நீதிபதிகள் இரண்டு பேரும் ராஜினாமா செய்துவிட்டார்கள் என்ற செய்தி, பல வருடங்கள் அவர்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்திருந்த ஜட்ஜம்மாவுக்கு, பாதி மரத்துப்போன ஒரு வாயிலிருந்துதான் முதலில் கிடைத்தது.

ஜட்ஜம்மாவின் கணவர் பல் டாக்டர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். காருக்குப் போக வேண்டுமானால் அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று காலை ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்ததும் மடியிலிருந்த பேப்பரை ஆட்டினார்.

"அம்மா, வெவ்ளைக்காவ ஜட்ஜுங்க வெண்டு பேவும் போய்ட்டாங்களாமே?"

"யாரு போயிட்டாங்க?"

"நீங்க வாயைத் திறங்க. ஆனா பேசறதுக்குத் திறக்காதீங்க" என்றார் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேப்பரைத் தானே எடுத்து நீட்டினார்.

ஜட்ஜம்மா நின்றபடியே படித்தார். 'இந்த நீதிமன்றத்துக்கு இப்போது இல்லாத சுதந்திரத்தை, இருப்பதுபோல் காட்ட எங்கள் பெயர்கள் இனிப் பயன்பட வேண்டாம்' என்று இருவரும் சேர்ந்து அறிக்கை விட்டிருந்தார்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தின நாள் மாலைகூட இருவரில் மூத்தவரோடு ஒன்றாகத்தான் படியிறங்கினார். மழை வரும்போலிருக்கிறது என்று அவர் சொன்னார்; ஆமாம் என்று இவர் சொன்னார்.

நாட்டை ஆண்டவர்கள் போகும்போது நிறைய விட்டுவிட்டுப் போனார்கள். ரயில் பாதை, கறுப்பு அங்கி, 'கற்றறிந்த நண்பர்' என்று அழைத்துக்கொண்டே ஒருவரையொருவர் குத்துகிற வழக்கம். கூடவே ஓர் ஏற்பாடு. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நாற்காலிகளில் இரண்டில் அந்த நாட்டின் ஓய்வுபெற்ற நீதிபதிகள் வந்து உட்காருவார்கள். கோர்ட் திறக்கும்போது வருவார்கள், விடுமுறை விட்டதும் விமானம் ஏறிவிடுவார்கள். வக்கீல்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'வலசைக்காரர்கள்'.

பட்டப்பெயருக்கு அங்கே யாரும் தப்பவில்லை. எந்தப் பக்கமும் ஒட்டாமல் வழுக்கும் தலைமை நீதிபதிக்கு 'விளக்கெண்ணெய்'. ஜட்ஜம்மாவுக்கு 'சுவர்'. சுவருக்குக் காது உண்டு, வாய் கிடையாது. வக்கீல்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், ஒரு கேள்வி வராது. ஐந்தாமவர் போன வருடம்வரை அரசாங்க வக்கீலாக இருந்து நேராக மேடையேறியவர். அவரை இன்னும் 'புதியவர்' என்றுதான் சொன்னார்கள்.

இனி மேடையில் இந்த மூன்று பேர்தான். அடுத்த வாரம் வரப்போவது பத்திரிகை ஆசிரியர் வழக்கு.

வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் போலீஸ் சுட்டது. சுடச் சொன்னது யார் என்று அந்த ஆசிரியர் எழுதினார். குற்றப்பத்திரிகையோ விசாரணையோ இல்லாமல், பொது அமைதிக்கு ஆபத்து என்று சொல்லி அவரை உள்ளே தள்ளிவிட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. விடுதலை கேட்டவர்களை அடைத்துப்போட வெள்ளைக்காரர்கள் எழுதிய சட்டம் அது. விடுதலை வந்த பிறகும் சட்டத்துக்கு விடுதலை வரவில்லை.

*

கோர்ட்டில் மூத்த வலசைக்காரரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து, கொண்டுபோவதை மேஜைமேலும், விட்டுப்போவதைத் தரையிலும் வைத்துக்கொண்டிருந்தார். தரையில்தான் அதிகம் கிடந்தது.

"கோபமா?" என்று தன் மொழியில் கேட்டார்.

"நேற்றே சொல்லியிருக்கலாம்" என்று ஜட்ஜம்மாவும் அந்த மொழியிலேயே சொன்னார்.

"சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள்."

"தடுத்திருக்க மாட்டேன். வழக்கு முடியும்வரை இருங்கள் என்று கேட்டிருப்பேன்."

அவர் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியாமல் நின்றார். "என் நாட்டுப் பத்திரிகைகள் என்னைக் கேள்வி கேட்கின்றன. என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். நான் இங்கே உட்கார்ந்திருப்பதே இந்த அரசாங்கத்துக்கு ஒரு நற்சான்றிதழ் என்கிறார்கள். அது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனால் நீங்கள் விலகினால் அது கொள்கை. நான் விலகினால் ஒரு நாற்காலி காலி, அவ்வளவுதான். அதில் யாரை உட்கார வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்."

"நீங்கள் இருந்தால் உங்களையும் பயன்படுத்திக்கொள்வார்கள்."

"இந்தச் சட்டத்தை எழுதியதே உங்கள் ஆட்கள்தான்" என்றார் ஜட்ஜம்மா. சொல்லக் கூடாது என்று நினைத்தது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கிழவர் கோபப்படவில்லை. "எழுதியது நாங்கள்தான். இத்தனை வருடம் தூசி படாமல் வைத்திருந்தது நீங்கள்."

ஜட்ஜம்மா கையை நீட்டினார். இருவரும் கை குலுக்கினார்கள். வெளியே வந்து தன் அறைக்குப் போகாமல் ஜட்ஜம்மா தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். டவாலிச் சேவகர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அம்மா எங்கே போகிறார் என்று கேட்பதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை.

*

அன்று மாலை மகள் வந்தாள். அவள் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, என் கிளாஸ்ல இன்னிக்கு ஒரு பொண்ணு எழுந்து கேட்டா. 'மேடம், அந்நியர்களுக்கு இருக்குற ரோஷம் நம்ம ஜட்ஜுங்களுக்கு இல்லையா'ன்னு. நான் என்ன பதில் சொல்ல?"

"நீ என்ன சொன்ன?"

"சிலபஸ்ல இல்லைன்னு சொன்னேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. ஜட்ஜம்மா சமையலறைக்குப் போய் அடுக்கில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, வேறு வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். மனசு சரியில்லாத நாட்களில் அவர் செய்கிற வேலை அது. மறுநாள் யாருக்கும் சர்க்கரை கிடைக்காது.

மகள் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள். "நீ நல்லவதான்மா. அதான் பிரச்சினையே. நல்லவங்க நாலு பேரு உள்ள இருந்தாத்தான் கெட்டது நடக்கும்போது நல்லது மாதிரி தெரியும். நீ வெளிய வந்து ஒரு வார்த்தை சொன்னா, ஊரே கேட்கும்."

"எத்தனை நாளைக்குக் கேட்கும்?"

"அப்படின்னா?"

"ரெண்டு பேரு போயிட்டாங்கன்னு இன்னிக்குப் பேப்பர்ல முதல் பக்கம். அடுத்த வாரம் அந்த ஆசிரியர் ஜெயில்லயே இருப்பாரு. அவர் மனுவை யாராவது படிக்கணும்ல? யாரு படிக்கணும்னு நீயே சொல்லு."

"நீ படிச்சு? மூணு பேர்ல நீ ஒருத்தி. விளக்கெண்ணெய் வழுக்கும், புதுசு தலையாட்டும். நீ தனியா ஒரு தீர்ப்பு எழுதுவ. அதை நான் கிளாஸ்ல வாசிக்கக் கொடுப்பேன். அவர் உள்ளயே இருப்பாரு."

அதுவும் உண்மை. அதுதான் ஜட்ஜம்மாவைக் குடைந்தது. கிழவர் சொன்னதும் உண்மை, மகள் சொல்வதும் உண்மை, தான் சொல்வதும் பொய்யில்லை. மூன்று பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். ஆனால் அதில் எதிலும் அவர் கட்சிக்காரராக நின்றதில்லை.

மகள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள்.

*

சனிக்கிழமை காலை, நேரம் கேட்காமல், சட்ட அமைச்சர் பல் டாக்டரிடம் வந்தார். கூட வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டார்கள். காத்திருந்த இரண்டு நோயாளிகள் தங்களுக்கு அவ்வளவு வலி இல்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள்.

"கீழ்க் கடைவாய்ப் பல்லு ரொம்பப் படுத்துது டாக்டர்."

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். தட்டினார், குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினார். அமைச்சரின் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"இங்க வலிக்குதா?"

"ம்ஹூம்."

"இங்க?"

"ம்ஹூம்."

"அப்ப எங்கதான் வலிக்குது?"

அமைச்சர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கோர்ட்டுப் பக்கம்தான்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "தலைமை நீதிபதி இந்த வருஷக் கடைசியோட ரிட்டயர் ஆகுறாரு. வரிசைப்படி அடுத்தது அம்மாதான். வரிசை மட்டும் பார்த்தாப் போதுமான்னு கேட்கிறவங்க மேல இருக்காங்க. நான் அம்மா பக்கம். இந்தப் பேப்பர்க்காரர் விஷயத்துல அம்மா கொஞ்சம் நாட்டையும் நினைச்சுப் பார்த்தாங்கன்னா, எனக்குப் பேச வசதியா இருக்கும். வேற ஒண்ணுமில்லை. நான் வந்தது பல்லுக்கு."

"பல்லுல ஒண்ணும் இல்லைங்க."

"நல்ல செய்திதானே" என்று சொல்லிவிட்டு அமைச்சர் எழுந்து போனார்.

டாக்டர் உடனே மாடிக்குப் போகவில்லை. சுத்தமாக இருந்த கருவிகளை மறுபடி கழுவினார். சொன்னால் மனைவி என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஏதாவது செய்வாள் என்று தெரியும். முப்பது வருடத்து கிளினிக். நகரத்தில் பாதிப் பேரின் பற்களை அவருக்குப் பெயரைவிட நன்றாகத் தெரியும். சாப்பிடும்போதும் சொல்லவில்லை. மறுநாள் மாலை, செடிகளுக்கு இரண்டாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் போய், "அதுங்க மூழ்கிடப் போகுது, குழாயை மூடு. ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

கேட்டு முடித்ததும் ஜட்ஜம்மா கேட்ட முதல் கேள்வி, "அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க" என்பதுதான். டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார்.

"இப்ப நான் என்ன பண்ணாலும் அவருக்கு லாபம்" என்றார் ஜட்ஜம்மா, ஈரக் கையோடு படியில் உட்கார்ந்து. "ஆசைப்பட்டா அவர் சொன்னபடி எழுதுவேன். ரோஷப்பட்டா, இப்படி ஒரு பேச்சு காதுக்கு வந்தப்புறம் நான் விசாரிக்கிறது முறையில்லைன்னு ஒதுங்கிடுவேன். ஒதுங்கினா அந்த இடத்துக்கு அவங்க ஆளு. ரெண்டு பக்கமும் கண்ணி."

"பேசாம இருந்தா?"

"நாளைக்கு நான் எந்தப் பக்கம் தீர்ப்பு எழுதினாலும், அமைச்சர் நம்ம வீட்டு வாசப்படி ஏறினாருன்னு ஒருத்தன் சொல்லுவான். அவரோட காரை ஊரே பார்த்திருக்கு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "உங்க பேரும் சந்திக்கு வரும்" என்றார்.

டாக்டருக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "வரட்டும்னு வீரமா சொல்ல ஆசைதான். வாய் வர மாட்டேங்குது. ஆனா நீ இதை வெளிய சொல்லாம விட்டுட்டா, இன்னும் பத்து வருஷம் இந்த வீட்டுல சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

*

மறுநாள் காலை ஜட்ஜம்மா முதலில் தலைமை நீதிபதியின் அறைக்குப் போனார். முறை அதுதான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார்.

"உடம்பு சரியில்லைன்னு ஒரு வாரம் லீவு போடுங்களேன். யாருக்கும் மனஸ்தாபம் இல்லாம முடிஞ்சிடும்."

"என் உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"எனக்குச் சரியில்லாமப் போயிடும்போல இருக்கு" என்றார் விளக்கெண்ணெய்.

கோர்ட் நிரம்பி வழிந்தது. காலியான இரண்டு நாற்காலிகளை யாரும் எடுத்துப்போகவில்லை; மூன்று பேரும் நடுவில் நெருங்கி உட்கார்ந்தார்கள். வழக்கின் பெயரை வாசித்ததும் அரசாங்க வக்கீல் எழுந்தார். அவர் வாயைத் திறக்குமுன் ஜட்ஜம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். சுவர் பேசப் போகிறது என்று தெரிந்ததும், பின்வரிசையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த இளம் வக்கீல்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

கோர்ட்டுக்குரிய நிதானமான மொழியில் அவர் சொன்னார். சட்ட அமைச்சர் சனிக்கிழமை தன் கணவரின் கிளினிக்குக்கு வந்தார். தலைமை நீதிபதி பதவியைப் பற்றியும் இந்த வழக்கைப் பற்றியும் இன்ன வார்த்தைகளில் பேசினார். அந்தப் பேச்சு தன் தீர்ப்பை எந்தப் பக்கமும் அசைக்காது. ஆனாலும் கட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தான் இந்த வழக்கை விசாரிப்பதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லலாம்.

சொல்லி முடித்ததும் அரசாங்க வக்கீலைப் பார்த்தார்.

அரசாங்க வக்கீல் இருமினார். "எனக்கு... என் கட்சிக்காரரிடம் ஆலோசனை கேட்க அவகாசம் வேண்டும்."

"தாராளமாக. ஆலோசனை சொல்லப்போவது யார் என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவிடுங்கள்."

அந்த வழக்கில் அவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டியவர் சட்ட அமைச்சர்தான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். வக்கீல் தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். ஆட்சேபித்தால் அமைச்சர் பேசியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசவே இல்லை என்றால் ஆட்சேபிக்கக் காரணமில்லை. கடைசியில், "ஆட்சேபணை இல்லை" என்றார். ஆசிரியரின் வக்கீலும் அதையே சொன்னார். விசாரணை தொடங்கியது.

வாதங்கள் முடிந்து மூவரும் உள்ளே வந்தபோது விளக்கெண்ணெய் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "ஆசிரியரை விட்டுடலாம். நான் சின்னக் காரணமா ஒண்ணு எழுதுறேன். அவரை அடைச்ச உத்தரவுல காரணம் சரியாச் சொல்லலைன்னு. நீங்க பெரிசா எழுதிக்குங்க."

ஜட்ஜம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"நீங்க மைக்கைப் பிடிச்சு அப்படிப் பேசினப்புறம் நான் வேற மாதிரி எழுதினா, என் பேரப்பிள்ளைங்ககூட நம்பாது."

"அப்ப பயந்துதான் எழுதுறீங்க."

"இத்தனை வருஷமா பயந்துதான் எழுதியிருக்கேன். இந்தத் தடவை பயம் நல்ல பக்கமா நிக்குது. விட்டுடுங்க."

புதியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் சொல்வதே சரி என்று நீண்ட தீர்ப்பு எழுதினார். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதாக ஜட்ஜம்மாவுக்குத் தோன்றவில்லை. அந்த மனிதர் அதை நம்பினார். அதுதான் ஜட்ஜம்மாவை அதிகம் கலவரப்படுத்தியது.

*

ஆசிரியர் வெளியே வந்தார். ஜெயில் வாசலில் அவர் மனைவி அழுத படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

அமைச்சர், தான் பல்வலிக்காகத்தான் போனதாகவும் டாக்டர் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டதாகவும் சட்டசபையில் சொன்னார். சில வாரங்களில் பல் மருத்துவர் கவுன்சிலிலிருந்து டாக்டருக்கு நோட்டீஸ் வந்தது. நோயாளியின் அந்தரங்கத்தை வெளியே சொன்னதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? பல்லில் நோயே இல்லாதவர் நோயாளி ஆக மாட்டார் என்று டாக்டர் பதில் எழுதினார். விசாரணை இழுத்துக்கொண்டே போனது. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேறு டாக்டரைத் தேடிக்கொண்டார்கள். மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சிலர் பல்லில் ஒன்றும் இல்லாமலே வந்து, அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வருடக் கடைசியில் விளக்கெண்ணெய் ஓய்வு பெற்றார். புதியவர் தலைமை நீதிபதியானார். ஜட்ஜம்மாவுக்கு வாடகைத் தகராறும் வேலித் தகராறும் பார்க்கிற அமர்வை ஒதுக்கினார்கள். ஆசிரியரை அடைத்த அந்தத் தடுப்புக்காவல் சட்டத்தை, கோர்ட் நுழைய இடமில்லாதபடி திருத்தினார்கள். இப்போது ராஜினாமா செய் என்று மகள் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்கார்ந்து, சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் காலை டாக்டர் பேப்பரைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஆசிரியரின் பேப்பர். முதல் பக்கத்திலேயே அவர் தலையங்கம் எழுதியிருந்தார். சட்டம் செத்த பிறகும் சம்பளத்துக்காகப் பிணத்துக்குக் காவலிருக்கும் நீதிபதிகளைப் பற்றி. மானமுள்ள அந்நியர்கள் போய்விட்டார்கள், நம்மவர்கள் நாற்காலியை விடமாட்டேன் என்கிறார்கள் என்று. பெயர் சொல்லவில்லை. மிச்சமிருப்பவர்களில் அது யாரைக் குறிக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

"நன்றி கெட்டவன்" என்றார் டாக்டர். அவருக்கு நிஜமாகவே கோபம்.

ஜட்ஜம்மா முழுவதும் படித்தார். முகம் சிவந்துபோயிருந்தது. பேப்பரை மடித்து, மறுபடி விரித்து, ஒரு பத்தியை இன்னொரு தடவை படித்தார்.

"எழுதட்டும்" என்றார். "எழுதுறதுக்குத்தானே வெளிய விட்டோம்."

"உனக்கு வலிக்கலையா?"

"வலிக்காம என்ன? அவர் சொல்றது தப்புன்னு சொல்லவும் முடியலை."

காப்பி ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமலே எழுந்து, கிளினிக்கைத் தாண்டிக் காருக்குப் போனார். அன்று அவர் முன்னால் வந்த முதல் வழக்கு, அண்ணன் தம்பி இருவருக்கு நடுவே ஒரு சுவர். அண்ணன் அதைத் தன் இடத்தில்தான் கட்டியதாகச் சொன்னார். தம்பி அது ஒரு சாண் தன் பக்கம் வந்துவிட்டது என்றார். இரண்டு பேரின் வக்கீல்களும் சத்தமாகப் பேசினார்கள். ஜட்ஜம்மா வரைபடத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "யாராவது அந்த இடத்தைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. மத்தியானம் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.